ஆயரைத் தேடும் சேகரம்: விண்ணப்பங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

ஆயர்களின் மாற்றல் காலம் நெருங்கும்போது, சேகரக் குழுக்கள் கூடித் தமக்கு எத்தகைய ஆயர் வேண்டும் என்று பேராயருக்கு விண்ணப்பம் எழுதுவது நாம் அனைவரும் அறிந்த வழக்கம். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயரை நியமிக்கும் அதிகாரம் சேகரத்திற்கு இல்லை. பேராயரும் திருமண்டல அமைப்புகளும் அதனைச் செய்கின்றனர். எனினும் சேகரத்தின் குரல் கேட்கப்படவேண்டியதே. தன் மேய்ப்பரைப் பற்றிப் பேச மந்தைக்கு உரிமையில்லை என்று எவரும் கூறார். ஆனால் அவ்விண்ணப்பங்களில் எழுதப்படுவது யாது? அவை எத்தகைய இறையியலை வெளிப்படுத்துகின்றன? நாம் நூல்களைத் திறனாய்கிறோம், மறையுரைகளைத் திறனாய்கிறோம். ஓர் ஆயரின் வாழ்வையும் ஒரு சபையின் நலனையும் பல ஆண்டுகளுக்கு நிர்ணயிக்கக்கூடிய இத்தாள்களை எவரும் திறனாய்வதில்லை. அக்குறையை ஓரளவு போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விண்ணப்பம் கேட்பது

நாம் அண்மையில் வாசிக்க நேர்ந்த ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். 400 குடும்பங்களும் ஐந்து கிராமச் சபைகளும் கொண்ட ஒரு சேகரம் அதனை எழுதியிருந்தது. வரவிருக்கும் ஆயர் 40 வயதுக்கு உட்பட்டவராயிருக்க வேண்டும்; 15 ஆண்டு அனுபவம் உடையவராகவும் இருக்க வேண்டும். ஆழ்ந்து பிரசங்கிக்க வேண்டும். 20 நிமிடத்திற்குள் முடிக்கவும் வேண்டும். கீர்த்தனைகளை இராகத்தோடு பாட வேண்டும். ஆங்கில ஆராதனையும் நடத்த வேண்டும். பாதியில் நிற்கும் கோபுரத்தைக் கட்டி முடிக்க வேண்டும். அதற்காகச் சபையாரிடம் பணம் கேட்டுத் தொல்லை தரலாகாது. வாலிபரைக் கவர வேண்டும். முதியோர் விரும்பும் மரபுகளை மாற்றலாகாது. எக்கட்சியையும் சாராதிருக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தையும் மாதந்தோறும் சந்திக்க வேண்டும். அவருடைய துணைவியார் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் ஓய்வுநாள் பள்ளியையும் பொறுப்பேற்று நடத்த வேண்டும்.

இதனை எழுதியவர்கள் தீயோர் அல்லர். பல காலம் நல்ல மேய்ப்புப் பணிக்காக ஏங்கிய மக்களின் பசி இதில் உண்டு. ஆயினும் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மாதத்தில் 25 நாள்கள் வீடு சந்திப்புக்குக் கிடைப்பதாகக் கொண்டாலும், 400 குடும்பங்களுக்கு நாளொன்றுக்கு 16 வீடுகள். வீட்டுக்கு 20 நிமிடம் என்றால் அதற்கே 5 மணி 20 நிமிடம். ஐந்து கிராமங்களுக்கிடையே செல்லும் நேரம் இதில் சேராது. மறையுரைக்கு ஆயத்தம் செய்வது எப்போது? நோயாளியின் படுக்கையருகே அவசரமின்றி அமர்வது எப்போது? வயதுக் கணக்கும் அவ்வாறே. 28 வயதில் திருநிலை பெறும் ஒருவர் 15 ஆண்டு அனுபவம் பெறுகையில் 43 வயதை எட்டிவிடுகிறார். அவ்விண்ணப்பத்தில் பதின்மர் கையொப்பமிட்டிருந்தனர். ஒருவரேனும் இக்கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை.

துணைவியாரைப் பற்றிய வரி தனிக் கவனத்திற்குரியது. ஊதியமோ நியமனமோ இன்றி, கேட்கப்படாமலே ஒரு பெண்ணின் உழைப்பு அங்கே எழுதிவைக்கப்படுகிறது. நமது திருச்சபை 1970-களிலிருந்தே பெண்களை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தி வருகிறது. அவ்வாறிருக்க, வரவிருக்கும் ஆயர் ஒரு பெண்ணாயின் அவ்வரியை எங்ஙனம் வாசிப்பது? அவருடைய கணவர் பெண்கள் சங்கத்தை நடத்த வேண்டும் என்று எவரும் எழுதார். அப்படியொருவர் வரக்கூடும் என்ற நினைவே விண்ணப்பத்தை எழுதியோருக்கு எழவில்லை என்பதே உண்மை.

2. சொற்களுக்குப் பின்னால் உள்ளது

இவ்வகை விண்ணப்பங்களைக் கூர்ந்து வாசிப்போர் ஒன்றைக் காண்பர். அவை வரவிருக்கும் ஆயரை வருணிப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் எழுதுகின்ற சபையையே வருணிக்கின்றன. "வாலிபரைக் கவர வேண்டும்" என்ற வரிக்குப் பொருள், "எங்கள் பிள்ளைகள் ஆலயத்தை விட்டுச் சென்றுவிட்டனர், ஏன் என்று நாங்கள் அவர்களைக் கேட்கவில்லை" என்பதாகும். "கணக்குகளில் கண்டிப்பானவர் வேண்டும்" என்னும் இடத்தில் பழைய வழக்கு ஒன்று உறங்குகிறது. "கட்சி சாராதவர் வேண்டும்" என்று எழுதும் சேகரம், சாதியாலோ தேர்தலாலோ ஏற்கெனவே இரண்டாகப் பிளந்த சேகரமாகும். ஒவ்வொரு தரப்பும் அச்சொல்லை, "எதிர்த்தரப்பைச் சாராதவர்" என்றே பொருள்கொண்டு கையொப்பமிடுகிறது.

நாம் ஆயராயிருந்த காலத்தில், சமாதானம் செய்பவர் வேண்டும் என்று கேட்ட ஒரு சேகரத்திற்கு அனுப்பப்பட்டோம். அச்சொல்லை நம்பி மகிழ்ந்தே சென்றோம். ஆறு மாதங்களில், அங்கே தேடப்பட்டவர் தீர்ப்பு வழங்கும் நடுவரே என்றும், தீர்ப்பும் முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்றும் கண்டோம். பிளவு என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஆயத்தத்தோடு சென்றிருப்போம். எழுதப்படாத உண்மை எவர் வந்தாலும் மறைந்துவிடுவதில்லை. வந்தவரின் குற்றமாக அது உருமாறுகிறது.

3. திருமறையின் பட்டியல்

திருமறையிலும் இத்தகைய பட்டியல் உண்டு. 1 தீமோத்தேயு 3:1-7 பகுதியைச் சேகரத்தின் விண்ணப்பத்தோடு அருகருகே வைத்து வாசிப்பது பயன் தரும். கண்காணியிடம் திறமைகளாக அங்கே கேட்கப்படுபவை இரண்டே: கற்பிக்கும் ஆற்றலும் தன் இல்லத்தை நன்கு நடத்தும் பாங்கும். ஏனையவை யாவும் குணமும் நற்பெயருமாகும். விருந்தோம்பல், சாந்தம், பண ஆசையின்மை, புறத்தாரிடத்தில் நற்சான்று ஆகியன அங்கே முதலிடம் பெறுகின்றன. குரல்வளம் இல்லை, வயதுவரம்பு இல்லை, கட்டடமும் இல்லை. நமது விண்ணப்பங்களிலோ திறமைகள் நிறைந்திருக்கின்றன. குணத்தைத் தேடினால், "அனைவரோடும் அனுசரித்துப் போக வேண்டும்" என்ற ஒற்றை வரியே அகப்படுகிறது.

பவுல் இன்று விண்ணப்பித்தால் என்னாகும்? அவருடைய நிருபங்கள் வலிமையானவை என்றும், நேரில் அவர் தோற்றம் எளியது, பேச்சும் அற்பமானது என்றும் கொரிந்துவில் சிலர் கூறியதை அவரே பதிவுசெய்கிறார் (2 கொரிந்தியர் 10:10). உடற்பலவீனத்தோடு கலாத்தியரிடம் சென்றதையும் அவர் மறைக்கவில்லை (கலாத்தியர் 4:13). அவரை எந்தச் சேகரம் கேட்டுப் பெறும்?

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டனர் என்ற முறையீடு நியாயமானதே. அதற்குத் தீர்வாக இன்னும் திறமைசாலியான அப்போஸ்தலர் ஒருவர் தேடப்படவில்லை. சபையே எழுவரைத் தெரிந்து நிறுத்தியது, பணி பங்கிடப்பட்டது. யாத்திராகமம் 18-இல் எத்திரோ மோசேயை எச்சரித்ததும் இதுவே: காலைமுதல் மாலைவரை ஒருவனே அனைத்தையும் செய்தால் அவனும் சோர்வான், அவனோடிருக்கும் மக்களும் சோர்வர். ஆயரின் சோர்வைப் பற்றி நாம் பேசுகிறோம். மக்களும் சோர்ந்துபோவர் என்ற பாதியை மறந்துவிடுகிறோம். எபேசியர் 4:11-12 கூற்றின்படி மேய்ப்பர் கொடுக்கப்பட்டது விசுவாசிகள் பணிசெய்ய ஆயத்தமாகும்பொருட்டே. எல்லாவற்றையும் ஒருவரிடம் கேட்கும் சேகரம் தன் அழைப்பையே அவர்மேல் சுமத்திவிட்டு அமர்ந்துவிடுகிறது.

4. இச்சித்திரம் எங்கிருந்து வந்தது?

இந்த எதிர்பார்ப்பு நேற்று முளைத்ததன்று. திருநெல்வேலிப் பகுதியில் நம் முன்னோர் மனத்தில் பதிந்த சித்திரம் அருட்தொண்டரின் சித்திரமாகும். 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஊரை ஒழுங்குபடுத்தினார்; கல்வி வளர்த்தார்; 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டார்; 1880-இல் பெரிய ஆலயம் அங்கே பிரதிட்டை செய்யப்பட்டது. இவை யாவும் உண்மை. ஆனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவர் அப்பகுதியிலேயே பணியாற்றினார் என்பதும், இங்கிலாந்திலிருந்து சங்கத்தின் பண உதவி வந்தது என்பதும், கிராமந்தோறும் உபதேசியார்கள் அன்றாட மேய்ப்புப் பணியைச் சுமந்தனர் என்பதும், பெண்களின் கல்வியையும் ரேந்தைப் பின்னலையும் அவருடைய துணைவியார் எலைசா கவனித்தார் என்பதும் அச்சித்திரத்திலிருந்து அழிந்துபோயின. இன்றோ சில ஆண்டுகளில் மாற்றப்படும் ஆயரிடம், உபதேசியார் இல்லாத கிராமச் சபைகளை ஒப்படைத்துவிட்டு, அதே சித்திரத்தோடு அவரை ஒப்பிடுகிறோம்.

இங்கிலாந்துத் திருச்சபையும் இதற்கு விலக்கன்று. கவிஞரும் குருவுமான ஜார்ஜ் ஹெர்பர்ட் எழுதிய, நாட்டுப்புறக் குருவைப் பற்றிய நூல், அவர் இறந்து 19 ஆண்டுகளுக்குப் பின் 1652-இல் வெளிவந்து, பல தலைமுறைகளுக்கு உரைகல்லாக விளங்கியது. அவர் பெமர்ட்டனில் பணியாற்றியதோ 1630 முதல் 1633 வரை, மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே. உதவிக் குருமாரும் இருந்தனர். தாம் எட்ட விரும்பிய இலக்காகவே அவர் அதனை எழுதினார். பிறரை அளக்கும் கோலாக அதனைப் பின்வந்தோர் ஆக்கினர். இச்சுமையிலிருந்து ஆயர்களை விடுவிக்க ஜஸ்டின் லூயிஸ்-ஆண்டனி என்னும் குரு 2009-இல் ஒரு நூலே எழுத வேண்டியதாயிற்று. அந்நாட்டில் 1986-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், குருவின் பதவி காலியாகும்போது, சபைக் குழு தன் நிலைமைகள், தேவைகள், மரபுகள் ஆகியவற்றை விவரித்து அறிக்கை தரவேண்டும் என்கிறது. முதலில் நிலைமை, பின்னரே தேவை என்னும் அவ்வரிசை சிறந்தது. ஆயினும் அங்கும் அவ்வறிக்கைகள் விருப்பப் பட்டியலாகிவிடுவதுண்டு. காபிரியேல் தூதனே வந்தாலும் தேறமாட்டான் என்று நகைப்பாரும் உண்டு.

5. நமது பங்கு

சபைகளை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. இறையியல் கல்லூரியில் கற்பிக்கும் நாமும் இக்குற்றத்தில் பங்குடையோம். வரலாற்று வகுப்பில் பெருந்தொண்டர்களின் சாதனைகளைக் கூறுகிறோம். அவர்களுடைய தோல்விகளையும் துணைநின்றோரையும் விரைவில் கடந்துவிடுகிறோம். நற்சான்று எழுதும்போது எல்லா மாணவரும் எல்லாத் திறமையும் உடையவராகின்றனர். ஆயர்களும் நேர்காணலில், "என்னால் இயலாது" என்று ஒன்றையேனும் கூறத் துணிவதில்லை. பொய்யான கேள்விக்குப் பொய்யான விடை கிடைக்கிறது.

நம்மிடம் பயின்ற ஒருவர் இரண்டாண்டுச் சேகரப் பணிக்குப்பின் நம்மைக் காண வந்தார். பிரசங்கம், கட்டடம், கணக்கு ஆகியவை பற்றி உற்சாகமாகவே பேசினார். புறப்படும் வேளையில், "ஐயா, எனக்காக ஜெபிக்கக்கூட நேரமில்லை; அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை" என்றார். நாம் அவருக்கு மறையுரைக் கலை கற்பித்திருந்தோம். தன் வரம்பைச் சபையின் முன் நாணமின்றி ஒப்புக்கொள்ளக் கற்பிக்கவில்லை.

6. எழுதத்தக்க விண்ணப்பம்

விண்ணப்பமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அது வேறுவிதமாக எழுதப்பட வேண்டும். முதலாவது, சபை தன் நிலையை உள்ளபடி கூறட்டும்: குடும்பங்களின் எண்ணிக்கை, கடன், வழக்கு, பிளவு, ஆலயத்துக்கு வராதோர். இரண்டாவது, ஆயர் வருமுன்னும் வந்தபின்னும் சபையார் தாமே செய்யும் பணிகளைப் பெயரோடு குறிக்கட்டும்; நோயாளிகளைச் சந்திப்பது யார், கணக்குப் பார்ப்பது யார் என்பது தெரியட்டும். மூன்றாவது, அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆயரிடம் முதன்மையாக வேண்டுவது எது என்று ஒன்றை அல்லது இரண்டைக் கூறட்டும். நான்காவது, அதற்காக எதனை விட்டுக்கொடுக்க ஆயத்தம் என்பதையும் எழுதட்டும். கோபுரம் முதன்மையெனில் மாதாந்தரச் சந்திப்பைக் கேட்கலாகாது. இளைஞர் முதன்மையெனில் ஆராதனையில் சில மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். துணைவியாரைப் பற்றிய வரி நீங்கட்டும்.

இந்நான்கில் இரண்டாவதே கடினமானது. அந்தப் பகுதியை எழுத அமரும் குழு, எழுதுவதற்கு அதிகமில்லை என்று உணரக்கூடும். அவ்வுணர்வு எழுமாயின், அச்சேகரத்தில் மேய்ப்புப் பணி புதிய ஆயர் வருமுன்னரே தொடங்கிவிட்டது எனலாம். மாற்றல் காலத்தில் இக்கட்டுரையை வாசிக்கும் ஆயர்கள், தாம் விட்டுச்செல்லும் சேகரத்தின் குழுவோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, 1 தீமோத்தேயு 3-ஐயும் எபேசியர் 4-ஐயும் வாசித்து, அந்த இரண்டாம் பகுதியை எழுத உதவுவார்களாக. தமக்குப்பின் வரும் உடன்ஊழியருக்கு அவர்கள் செய்யக்கூடிய நன்மை இதனினும் வேறில்லை.