குந்தி வராத கர்ணன்

இல்லாத ஓர் உலகத்தைப் பலபேர் சேர்ந்து கட்டுவது, அதற்குள் ஆளுக்கொரு வேசம் எடுத்து வாழ்ந்து பார்ப்பது: இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், பகடை, காகிதம். ஒருத்தர் கதையை நடத்த, மத்தவங்க பாத்திரங்களாகிவிடுவார்கள். அவ்வளவுதான்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கம் பாரதம் வைக்கிற ஊர்களில் நடப்பது என்ன? பகலில் பிரசங்கியார் கதை சொல்கிறார். ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு மரம் நடுகிறார்கள். கடைசி நாள் மண்ணால் செய்த துரியோதனன் ஊர் நடுவில் படுத்துக் கிடக்கிறான், திரௌபதி கூந்தல் முடிகிறாள், பிறகு தீமிதி. நாலைந்து பேர் இல்லை, ஊரே வேசம் கட்டுகிறது.

இந்த உலகம் வியாசர் எழுதிக் கொடுத்தது மட்டும் அல்ல. கட்டியக்காரனை வியாசருக்குத் தெரியாது. திரௌபதியம்மனுக்குக் காவல் நிற்கிற முத்தால ராவுத்தன் ஒரு முஸ்லிம். அவனும் போத்துராஜாவும் இந்த மண்ணின் கற்பனைகள். வியாசரில் அரவான் எட்டாம் நாள் போரில் சாகிறான். தமிழில் அவனே களப்பலி. கூவாகத்தில் (2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்) சித்திரை மாதம் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுக்கிறார்கள். ஆகவே பிரதியை மாற்றக் கூடாது, மரபு கெட்டுவிடும் என்கிற பேச்சை என்னிடம் யாரும் பேச வேண்டாம். மாற்றி மாற்றித்தான் இது மரபாயிற்று.

அப்படியானால் எதை மாற்றவில்லை என்பதே என் கேள்வி.

கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்வோம். பொன்னுருவி தமிழ்க்கூத்து வளர்த்தெடுத்த பாத்திரம். தேரோட்டி வீட்டுப் பிள்ளை என்று கட்டின புருசனையே இளக்காரம் பண்ணுகிற ராசகுமாரி. சாதி படுக்கையறைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று இவ்வளவு பச்சையாகக் காட்டிய காட்சி நம் எழுத்திலக்கியத்திலேயே குறைவு. ஆனால் முடிச்சு அவிழ்வது எங்கே? போருக்குக் கிளம்பும்போது கர்ணன் தன் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறான். பொன்னுருவி கதறுகிறாள். கூடவே ஊரும் அழுகிறது.

அந்த அழுகையைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். அது தாழ்த்தப்பட்டவனுக்கான அழுகை இல்லை. உயர்ந்த குலத்தானைத் தாழ்ந்தவன் என்று தப்பா நெனச்சிட்டோமே என்கிற அழுகை. அவன் நெசமாவே தேரோட்டி மகனாக இருந்திருந்தால், பொன்னுருவி செய்தது சரி என்றுதானே ஆகிறது? இரக்கம் வருகிறது; விதி மட்டும் அசையவில்லை.

அசையாத விதி கோயில் வாசலில் என்ன செய்யும் என்பதை மேல்பாதியில் பார்த்தோம். விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி தர்மராஜா திரௌபதியம்மன் கோயில். 2023 ஏப்ரலில் உள்ளே போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது, சனங்களுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடு நம் சனங்கள் அம்மனைப் பார்த்தார்கள். சபை நடுவே இழுத்து வரப்பட்டு நியாயம் கேட்டவளின் வாசல் இது. ராவுத்தனுக்குக் காவல் வேலை கொடுத்த கற்பனையால், பக்கத்துத் தெருக்காரனுக்கு உள்ளே நிற்க ஓர் இடம் கொடுக்க முடியவில்லை.

அமெரிக்க விளையாட்டிலும் இதே நோய் இருந்தது. அதில் 'ஆர்க்' என்றொரு கூட்டம், பிறவியிலேயே கெட்டவர்கள் என்று வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு விதிநூலின்படி, பாதி ஆர்க்காகப் பிறந்தவனுக்குப் பலம் 2 கூடும், அறிவு 2 குறையும். இது நமக்குத் தெரியாத கணக்கா? மனு போட்ட கணக்குத்தானே! எதிர்ப்பு கிளம்பியபின், 2022 டிசம்பரில் 'இனம்' என்கிற சொல்லையே கைவிடுவதாக அறிவித்தார்கள். 2024 விதிநூலில் அந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, ஆள் வாழ்ந்த வாழ்க்கைப் பின்னணிக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் அங்கே சமத்துவம் வந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கை வைத்த இடம் சரியான இடம். பாத்திரத்தின் மேல் பரிதாபப்படுவதோடு நிற்காமல் விதியைத் திருத்தினார்கள்.

நம் எழுத்தாளர்களும் கூத்து வாத்தியார்களும் செய்ய வேண்டியது இதுதான். நல்ல தலித் பாத்திரம் நாலு சேர்த்தால் போதாது. சேரி ஜமாக்களும் காலங்காலமாக ராசா வேசம் கட்டித்தான் ஆடுகின்றன. விடிந்தால் கிரீடத்தைக் கழற்றிவிட்டு அதே சேரிக்குத்தான் திரும்புகிறார்கள். கர்ணனை எழுதுங்கள். அவனிடம் குந்தி வரவே கூடாது. ரகசியம் எதுவும் இருக்கக் கூடாது. தேரோட்டிக்கும் ராதைக்கும் பிறந்தவனாகவே வில் எடுக்கட்டும், தேரோட்டி மகனாகவே சாகட்டும். 'நீ எந்தக் குலம்?' என்று சபை கேட்கும்போது, கட்டியக்காரன் குறுக்கே வந்து, 'கேக்கறதுக்கு நீ யாருய்யா?' என்று கேட்கட்டும்.

அப்போதும் ஊர் அழுகிறதா, எழுந்து போகிறதா என்று பார்ப்போம்.