வாசலில் நின்று கேட்கிற கேள்வி

இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வசிக்கும் தொழிலாளர் பத்துப் பேராவதும் இருந்தால் அது தோட்டம். கித்துல்கல, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தேயிலை, இறப்பர் மலைகளின் லயன்கள், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகள், அரசின் கண்ணில் தனியாகப் பட்டது இந்தப் பிரிவினால்தான். 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம் என்று சொல்ல முடிந்ததும் அதனால்தான். இது சின்ன விஷயமில்லை.

வீடற்ற இளைஞரைத் தேடும்போதுதான் இந்த முறை கைவிடுகிறது. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்புக்குப் போய், பகலில் சாமான் கட்டி, இரவில் அதே கடையின் மூட்டைகளுக்கிடையே படுக்கிற பையன் லயன் வாசலில் எழுதும் பட்டியலில் வரமாட்டான். கொழும்பிலோ தெருவில் படுக்காததால் அவன் வீடற்றவனும் இல்லை. வேலை போன அன்றே படுக்கையும் போகும். ஊருக்குத் திரும்பினால், பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் (லயன் அறையில்) அண்ணன் குடும்பம், இவனுக்கு முன்திண்ணையான இஸ்தோப்பு. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாதவனுக்கு அதுவும் தயவில்தான்.

வீடற்ற நிலையை வரையறுக்க ஐரோப்பாவில் 2005இல் வந்த ‘எதோஸ்’ வகைப்பாடு, கூரையின்மை, வீடின்மை, பாதுகாப்பற்ற குடியிருப்பு, போதாத குடியிருப்பு என நான்கு நிலைகளை வகுத்தது. கடைசி இரண்டும் லயனுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் அப்படியே எடுத்தால் லயன் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். முதலில் யாருக்கு உதவுவது என்பது மங்கிப்போகும்.

இந்த இளைஞரிடம் ஆய்வில் கேட்கும் மனநலக் கேள்விகளின் பாடு இன்னும் மோசம். தோட்டத்துக்குள் போகத் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதி வேண்டும். கேள்வி கேட்பது ஒற்றை அறையில். அம்மா அடுப்படியில், பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் கேட்கும். போன இரண்டு வாரம் மனம் எப்படி இருந்தது என்றால், “நல்லாத்தான் இருக்கேன்” என்பான். வேறென்ன சொல்வான்? அதற்கு நல்ல மதிப்பெண்ணும் விழும்.

உதவி என்று வந்தால் எல்லாம் கட்டடத்தில் முடிகிறது. இந்திய உதவியின் 4,000 தோட்ட வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே போயின. கித்துல்கல இருக்கும் சப்ரகமுவ அடுத்த 10,000க்குக் காத்திருந்தது. அதிலும் குடும்பத்துக்கு ஒரு வீடு. தனி ஆளான இருபது வயதுக்காரன் எந்தப் பட்டியலில்?

ஆய்வை லயன் வாசலில் தொடங்காமல் கொழும்புக் கடைகளில் தொடங்கலாம்: “நாளைக்கு வேலை போனால் ராத்திரி எங்கே படுப்பாய்?” பையன்களை அப்படியாவது பிடிக்கலாம். வீட்டு வேலைக்குப் போன பெண்பிள்ளையிடம் இதைக் கேட்கவும் எசமானியின் கேட்டைத்தான் தட்ட வேண்டும்.