பழகுநர் என்றொரு பட்டம்

பட்டம் பெற்றான் இளைஞன். பெற்ற பட்டம் பதவி தேடித் தரவில்லை. மற்றொரு பட்டம் தேடி வந்தது — பழகுநர்! மேசை உண்டு, கோப்பு உண்டு, காலை முதல் மாலை வரை கடமை உண்டு. பதவி? அது மட்டும் இல்லை!

தொழில் கற்றுத் தருவது தீதா? அன்று, அன்று! தந்தை தொழிலே தனயனுக்கு என்ற பழைய கட்டினை அறுக்கும் கருவி அது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவ்வகையில் வரவேற்கத்தக்கதே. 1973இல் பொறியியல் பட்டதாரிகட்கும், 2014இல் ஏனைய பட்டதாரிகட்கும் அது கதவைத் திறந்தது.

கதவு திறந்தது; உள்ளே இடம் உண்டா? பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது 18ஆம் பிரிவு. பயிற்சி முடித்தோரை வேலைக்கு எடுக்கும் முறையை நிறுவனமே வகுத்துக்கொள்ளட்டும் என்கிறது 22ஆம் பிரிவு. விழுக்காடு எவ்வளவு? சட்டம் வாய் திறக்கவில்லை!

2023இல் பாரத ஸ்டேட் வங்கி 6,160 பழகுநர்களைச் சேர்க்க அறிவிப்பு விடுத்தது. ஓராண்டுப் பயிற்சி, திங்கள்தோறும் 15,000 ரூபாய் உதவித்தொகை, தகுதி, பட்டம். அவ்வங்கியின் எழுத்தர் பதவிக்கு வேண்டுவதும் பட்டமே! ஓராண்டு உழைத்தவன் நிலையான இடம் பெற மீண்டும் தேர்வு எழுதவேண்டும். சலுகை கிட்டலாம், பதவி உறுதியன்று.

ஏனைய தகுதிகள் சமமாயின், நேரடியாக வருவோரினும் பயிற்சி பெற்றோர்க்கே முன்னுரிமை என 1995இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. ரயில்வே, கடைநிலைப் பதவிகளில் 20 விழுக்காட்டினைப் பழகுநர்க்கென ஒதுக்கிற்று. கடைநிலைக்குக் கணக்கு எழுதிய கரம், பட்டதாரிப் பதவிகட்கும் சட்டத்திலேயே ஒரு கணக்கு எழுதலாகாதோ?

முன்னுரிமை மட்டும் போதுமோ? போதாது! பழகுநர் தேர்வு பதவியின் வாயிலாகுமாயின், அவ்வாயிலில் திறந்த போட்டியும் இடஒதுக்கீடும் குறைவற நிற்றல் வேண்டும். இன்றேல் அது வாயிலன்று, கொல்லைப்புற வழி.

இன்னுமோர் ஆபத்து உண்டு, தோழர்களே! தாழ்த்தப்பட்டோர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால், பயிற்சி இடத்தின் ஆயுள் சிறிது. பதவியின் ஆயுள் ஓய்வு பெறும் நாள் வரை! நிலையான இடங்களை நிரப்பாது, பழகுநரைக் கொண்டே பணியை ஓட்டினால், ஒதுக்கீட்டை ஒழிக்க எவரும் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. ஏட்டில் இருக்கும், நாட்டில் இராது!

ஆகவே கேட்போம்: பழகுநர் எத்தனை பேர் என்று விளம்பரம் செய்யும் பொதுத்துறை, நிரப்பப்படாத பதவிகள் எத்தனை என்பதையும் அதே தாளில் அச்சிடட்டும். இரண்டு எண்களும் அருகருகே நின்றால் போதும். பயிற்சி எது, பாசாங்கு எது என்பதை நாடு கண்டுகொள்ளும்.