பதினைந்து குற்றங்களும் ஒரு டிஃபால்ட்டும்

ரேச்சல் ராலின்ஸ் 2018-இல் வெளியிட்ட பட்டியலை இதுவரை நாலைந்து தடவை படித்துவிட்டேன். பாஸ்டன் நகரத்தை உள்ளடக்கிய சஃபோக் கவுண்டியில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி பதவிக்கு அவர் நின்றபோது போட்ட பட்டியல். கடைத்திருட்டு, அத்துமீறி நுழைதல், 250 டாலருக்குக் குறைவான திருட்டு, போதைப்பொருள் வைத்திருத்தல், சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு வண்டி ஓட்டுதல் என்று 15 வகை. நான் ஜெயித்தால் இவற்றுக்கு என் அலுவலகம் வழக்கு நடத்தாது என்றார். அந்த செப்டம்பரில் கட்சித் தேர்வில் ஜெயித்து, நவம்பரில் தேர்தலிலும் ஜெயித்தார்.

ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இதை ஒரே மாதிரிதான் படித்தார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. "இனி திருடினால் கேஸ் இல்லை." ஒரு பக்கம் கைதட்டல், இன்னொரு பக்கம் திட்டு. ஆனால் பட்டியலின் தலைப்பில் இருக்கும் வார்த்தை 'டிஃபால்ட்'. வழக்கு போடாமல் விடுவதுதான் டிஃபால்ட், போட வேண்டுமென்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அவ்வளவுதான். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வசதியை எடுத்துவிடுவது வேறு, அதன் டிஃபால்ட்டை மாற்றுவது வேறு. இரண்டாவதில் எதையும் தடுக்கவில்லை, செய்கிறவர் காரணம் சொல்ல வேண்டும், அதுதான் வித்தியாசம்.

இந்தப் பதவியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் அரசு வழக்கறிஞரை நியமிக்கிறார்கள், அங்கே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். போலீஸ் பிடித்து வரும் வழக்கை நடத்துவதா, விடுவதா, எந்தப் பிரிவில் போடுவது, எல்லாம் டி.ஏ. கையில். அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது 2019-இல் தெரிந்தது. பாஸ்டனில் நடந்த 'ஸ்ட்ரெய்ட் பிரைட்' ஊர்வலத்தை எதிர்த்துக் கைதான சிலர் மீதான சில்லறை வழக்குகளை ராலின்ஸ் அலுவலகம் கைவிடப் பார்த்தது. நீதிபதி முடியாது என்றார். சட்டத்தைப் படித்துக் காட்டிய எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கைவிலங்கே போட்டார்கள்! விஷயம் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கைக் கைவிடும் உரிமை அரசு வழக்கறிஞருக்கு மட்டுமே உண்டு, நீதிபதி தலையிட முடியாது என்று தீர்ப்பு வந்தது. நம் சட்டத்தில் வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். அங்கே வேண்டாம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். என் பார்வையில் அதன் மிகச் சிறந்த பகுதி 15 குற்றங்களின் பெயர்கள் இல்லை. எந்த நேரத்தில் விடுவது என்பதுதான். அரெய்ன்மென்ட்டுக்கு முன்பே விட்டுவிட வேண்டும் என்றார். அரெய்ன்மென்ட் என்றால் குற்றச்சாட்டை முதல்முறையாகக் கோர்ட்டில் படித்துக் காட்டும் நாள். மாசசூசெட்ஸில் அன்றைக்கே அந்த ஆள் பெயரில் பதிவு ஏறிவிடும். கோரி என்று சொல்வார்கள். அப்புறம் வழக்கு தள்ளுபடி ஆனாலும், சீல் வைக்கச் சொல்லி மனுப் போடாதவரை பதிவு போகாது. வழக்கு நிலுவையில் இருக்கும் மாதங்களில் வேலைக்கு எடுக்கிறவர்களும் அதைப் பார்க்கலாம்.

இது எனக்கு ஏன் உறைக்கிறது என்றால், ஒருமுறை வேலை மாறும்போது பின்னணிச் சரிபார்ப்பில் என் இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததால் சேருவது மூன்று வாரம் தள்ளிப்போனது. குற்றம் எதுவும் இல்லை, வெறும் எழுத்துப் பிரச்சினை. அதற்கே தூக்கம் வரவில்லை. கடையில் ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்ட 19 வயதுப் பையனின் பெயருக்கு எதிரே 'வழக்கு நிலுவையில்' என்று வந்தால் என்ன ஆகும்?

இது வெறும் இரக்கம் இல்லை என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. அமண்டா அகன், ஜெனிஃபர் டோலியாக், அன்னா ஹார்வி ஆகிய மூவரும் இதே சஃபோக் கவுண்டியின் 2004 முதல் 2018 வரையிலான, வன்முறை இல்லாத சிறுகுற்ற வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ராலின்ஸ் வருவதற்கு முந்தைய காலம். அரெய்ன்மென்ட் நாளில் எந்த உதவி வழக்கறிஞர் கையில் கோப்பு சிக்குகிறது என்பது கிட்டத்தட்ட குலுக்கல் மாதிரி. சிலர் கறார், சிலர் இளகிய மனசு. ஆக, யாரும் திட்டமிடாமலே ஒரு ஏ/பி டெஸ்ட் வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. முடிவு: வழக்கு நடத்தாமல் விடப்பட்டவர்கள் அடுத்த 2 வருஷத்தில் புதிய குற்றப் புகாரில் சிக்கும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவு.

இந்த 53-ஐ ஆதரவாளர்கள் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது. அந்த எண் எல்லோருக்கும் பொருந்தாது. கறாரான வக்கீல் என்றால் வழக்கு, இளகியவர் என்றால் விடுதலை என்று ஊசலாடும் நடுக்கோட்டு ஆட்களுக்குத்தான் அது. யாராயிருந்தாலும் வழக்கு போட்டிருப்பார்கள் என்கிற ஆளைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. அதோடு, பலன் அதிகமாகத் தெரிந்தது முதல்முறை சிக்கியவர்களிடம். முன்பே பதிவு உள்ளவருக்கு இன்னொரு வரி கூடினால் பெரிய மாற்றமில்லை, வெள்ளைத் தாளில் விழும் முதல் கறைதான் கெடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ராலின்ஸ் பதவிக்கு வந்த தொடக்க காலத்தையும் அவர்கள் தனியாகப் பார்த்தார்கள். ஊரில் குற்றம் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

ஆக, என் குறை இதுதான். பட்டியல் குற்றத்தின் பெயரை வைத்துப் பிரித்தது. ஆதாரமோ ஆளின் பழைய பதிவை வைத்துப் பிரிக்கச் சொல்கிறது. முதல் தடவை திருடியவனும் பத்தாவது தடவை திருடியவனும் பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 'விற்கும் நோக்கத்தோடு போதைப்பொருள் வைத்திருத்தல்' பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பாளர்கள் மேடைக்கு மேடை பிடித்துக்கொண்ட வரி அது. முதல்முறை என்ற ஒரு நிபந்தனையை மட்டும் டிஃபால்ட்டில் சேர்த்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. மேலதிகாரி அனுமதி என்ற கதவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்தக் கதவை எப்போது திறப்பது என்று பட்டியலில் எழுதவில்லையே.

இன்னொரு சின்ன விஷயம், குறியீடு எழுதுகிறவனின் கண்ணுக்கு மட்டும் உறுத்துவது. 250 டாலர் என்பது திருட்டைப் பெருங்குற்றம் ஆக்கும் பழைய எல்லை. அதே 2018-இல் சட்டமன்றம் அதை 1,200-க்கு உயர்த்திவிட்டது. சீர்திருத்தப் பட்டியலில் பழைய எண்ணே ஹார்ட்கோட் ஆகி நிற்கிறது.

கடைக்காரர் பக்கமும் இருக்கிறது. நஷ்டஈடு, சமூக சேவை போன்ற மாற்றுவழிகளைப் பட்டியல் சொல்கிறது. வழக்கே இல்லாதபோது 'கட்டமாட்டேன் போ' என்கிறவனை யார் கட்ட வைப்பது? செல்சியிலோ ரிவீரிலோ பெட்டிக்கடை மாதிரி ஒன்றை நடத்துகிறவருக்கு 200 டாலர் சின்னத் தொகை இல்லை.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். ராலின்ஸ் 2022 ஜனவரியில் மத்திய அரசின் அட்டர்னியாகப் போனார். அங்கிருந்துகொண்டே, தான் விட்டுவந்த பதவிக்கான தேர்தலில் தலையிடப் பார்த்தார், அதற்காக ஒரு பத்திரிகையாளருக்குத் தகவல் கசியவிட்டார் என்று விசாரணை அறிக்கைகள் சொன்னதும் 2023 மே மாதம் ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் டி.ஏ. ஆன கெவின் ஹேடன், பட்டியல் வேண்டாம், வழக்குக்கு வழக்கு பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார். ஓர் அலுவலகச் சுற்றறிக்கைக்கு அவ்வளவுதான் ஆயுள். அரெய்ன்மென்ட் நாளில் பதிவு ஏறும் என்ற விதியோ சட்டத்தில் இருக்கிறது, எந்த டி.ஏ. வந்தாலும் போனாலும் அது மாறாது. தள்ளுபடியான வழக்கின் பதிவு தானாகவே அழியும்படி சட்டமன்றத்தை மாற்ற வைப்பேன் என்று அந்தத் தேர்தலில் ஒருவர் நின்றிருந்தால், நான் அவர் பட்டியலைத்தான் முதலில் படித்திருப்பேன்.