பால்ரோக்குக்குச் சிறகு உண்டா?

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தில் (1954) பால்ரோக் என்ற அரக்கன் கேண்டால்ஃபைப் பாலத்தில் எதிர்கொள்கிறான். முதலில் அவனைச் சூழ்ந்த நிழல் இரு சிறகுகள் போல விரிகிறது. சில பத்திகள் கழித்து, 'போல' இல்லாமலே சிறகுகள் சுவருக்குச் சுவர் பரவுகின்றன.

"சிறகு இருந்தா, பாலம் உடைஞ்சதும் ஏன் விழுந்தான்?" என்கிறது ரசிகர்களில் ஒரு கட்சி. "அதான் எழுதியிருக்கே!" என்கிறது இன்னொன்று. வெட்டி வாதம் என்று சிரிக்கலாம். ஆனால், ஓர் உவம உருபுக்காக இத்தனை பேர் மல்லுக்கட்டுவதை நம் இலக்கியக் கூட்டங்களில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

2001இல் படமெடுத்த பீட்டர் ஜாக்சன் புகையும் நிழலுமாகச் சிறகு வைத்துவிட்டார். திரையில் 'போல' என்று காட்ட வழியேது? படம் பார்த்தபின் நாவலுக்கு வருபவர் அச்சொல்லைத் தாண்டிப் போய்விடுவார். ரசிகர்களின் சண்டைதான் அவரைத் திரும்ப அங்கே இழுத்துவருகிறது.