டஞ்சன் சிந்த்: ஆளில்லாக் கோட்டையின் இசை

டஞ்சன் சிந்த் என்பது 1990களின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல் சூழலிலிருந்து கிளைத்த ஒரு மின்னணு இசை வகை. பெரும்பாலும் ஒரே ஆள், ஒரு மலிவான சின்தசைசர், ஒரு கேசட் பதிவுக் கருவி. இவ்வளவுதான் அதன் மூலதனம். பாட்டு அநேகமாக இருக்காது. தாளம் இருந்தாலும் தூரத்து முரசுபோலத்தான் கேட்கும். இருண்ட கோட்டை, பனி படர்ந்த காடு, மந்திரவாதியின் கோபுரம், அரசன் இல்லாத அரியணை போன்றவற்றைக் கேட்பவர் மனத்தில் எழுப்புவதே இந்த இசையின் வேலை.

முதன்முறை கேட்பவர்கள் பலர் "பழைய வீடியோ கேம் இசை மாதிரி இருக்கிறது" என்பார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "இதை நல்ல ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்திருக்கலாமே" என்பார்கள். முதல் கருத்தை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவதோடுதான் எனக்கு வழக்கு. ஆர்கெஸ்ட்ரா உள்ளே வந்தால் இந்தக் கோட்டை இடிந்துவிடும் என்பது என் கட்சி. இந்த இசை பிறந்த சூழலின் இருட்டோடும் இந்த விஷயத்துக்குத் தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பெயர்

'டஞ்சன்' என்ற சொல்லுக்கு இன்று நிலவறைச் சிறை என்று பொருள். அதன் பிரெஞ்சு மூலமான 'டோன்ஜோன்' என்பதோ கோட்டையின் நடுவிலுள்ள உயர்ந்த காவல் கோபுரத்தைக் குறித்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளைச் சேர்த்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அறை அறையாகத் தேடிப் பார்க்கும் இடம் என்ற பொருள் அது. இசை வகையின் பெயரில் இருப்பது இந்த மூன்றாவது டஞ்சன். கேட்பவர் இங்கே கைதி அல்ல, தேடிப் போகிறவர்.

முன்னோடிகள்

இந்த இசைக்கு இரண்டு பாட்டன்மார். ஒன்று, 1970களின் ஜெர்மானிய மின்னணு இசை. டேஞ்சரின் டிரீம் குழுவின் 'ஃபீட்ரா' (1974), மெல்ல மாறிக்கொண்டே சுழலும் ஒலிகளை வைத்து ஒரு நிலப்பரப்பையே கட்டிக் காட்டியது. வெர்னர் ஹெர்ட்ஸோகின் 'அகிர்ரே' (1972) திரைப்படத்துக்கு போப்போல் வூ குழு தந்த இசையில், ஒலிநாடாச் சுருள்களில் பதிவான மனிதக் குரல்களை விசைப்பலகை வழியாக ஒலிக்கச் செய்யும் ஒரு கருவி பயன்பட்டது. படத்தின் தொடக்கத்தில் மலைச்சரிவில் இறங்கும் மனிதர்கள்மீது அந்தக் குரல்கள் மேகம்போல் கவிகின்றன.

மற்றொன்று, டோல்கியனின் கற்பனை உலகம். சுவீடனின் ஆர்கன் கலைஞர் போ ஹன்சன் 1970லேயே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை வைத்து ஒரு முழு இசைத் தொகுப்பை வெளியிட்டார். பின்னர் நார்வேயின் பிளாக் மெட்டல் இளைஞர்களும் அந்த நாவலைச் சுரங்கம்போலத் தோண்டினார்கள். 'புர்சும்' என்ற குழுவின் பெயர் டோல்கியன் புனைந்த கறுப்பு மொழியில் இருளைக் குறிக்கும் சொல். 'கோர்கோரோத்' என்ற குழுவின் பெயர் மோர்டோரில் உள்ள ஒரு பீடபூமியினுடையது.

இரண்டு வழிகளும் சந்தித்த இடத்தைத் துல்லியமாகக் காட்ட முடியும். நார்வேயின் மேஹெம் குழு 1987இல் வெளியிட்ட 'டெத்கிரஷ்' என்ற காது கிழியும் பதிவு, முரசொலி போன்ற ஒரு மின்னணு முகப்புடன் தொடங்குகிறது. அதை அமைத்துக் கொடுத்தவர் டேஞ்சரின் டிரீமின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவரான கான்ராட் ஷ்னிட்ஸ்லர். கிட்டார் இரைச்சலுக்கு முன்னும் பின்னும் இப்படி ஒரு சின்தசைசர் துண்டை வைப்பது அந்த வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த முகப்பே முழு இசையானால் என்ன என்று சிலர் கேட்டபோது டஞ்சன் சிந்த் பிறந்தது.

மோர்ட்டிஸ்

அப்படிக் கேட்டவர்களில் முதன்மையானவர் மோர்ட்டிஸ். எம்பரர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1992இல் விலகித் தனியே சின்தசைசருடன் உட்கார்ந்தார். நீண்ட மூக்கும் கூர்ந்த காதுகளும் கொண்ட பூத முகமூடி அவருடைய அடையாளம் ஆனது. தன் இசையை 'டார்க் டஞ்சன் மியூசிக்' என்று அழைத்தார். 'டஞ்சன் சிந்த்' என்ற பெயர் பரவலானதோ அதற்குக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து.

அவருடைய படைப்புகளில் நான் திரும்பத் திரும்பப் போவது 1994இல் வந்த 'ஓன்டென் சொம் யூர்தே ஒப்ரோர்' என்ற தொகுப்புக்கு. 'கலகம் செய்த ஆவி' என்று அதற்குப் பொருள். சுவீடனின் கோல்ட் மீட் இண்டஸ்ட்ரி நிறுவனம் வெளியிட்டது. அதில் இரண்டே துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். முதலாவது 'இருண்ட தொடுவானம்', இரண்டாவது 'தொன்மையான ஓர் எதிர்காலத்தின் காட்சிகள்'. ஒரு சிறிய மெட்டு வரும், எட்டுப் பத்துத் தடவை சுற்றும், அதன்மேல் போலி எக்காளம் ஏறும், பிறகு போலிப் பாடகர் குழு ஏறும். எல்லாம் அடங்கி அடுத்த மெட்டு வரும். ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில் நாசூக்கு எதுவும் இல்லை. கதவு திறக்கிறது, அடுத்த அறை, அவ்வளவுதான். இசை இலக்கணம் அறிந்தவர் இதைக் குறை என்பார். அறை அறையாக நடக்கும் அனுபவம் இந்தக் குறையால்தான் கிடைக்கிறது.

மலிவு எப்படி வேலை செய்கிறது

1980களின் இறுதியில் வந்த ரோலண்ட் டி-50, கோர்க் எம்1 போன்ற விசைப்பலகைகளும், அவற்றைப் பின்பற்றி வந்த விலை குறைந்த கருவிகளும், உண்மையான வாத்தியங்களின் மிகச் சிறிய ஒலித் துணுக்குகளை நினைவகத்தில் வைத்திருந்தன. நினைவகம் அப்போது விலை உயர்ந்த பொருள். ஆகவே ஒரு நொடிக்கும் குறைவான துணுக்கை எடுத்து, அதன் பிற்பகுதியைச் சுழலவிட்டு நீட்டுவார்கள். விசையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒலி நிற்காது.

இதன் விளைவைக் 'கொயர்' என்று பெயரிட்ட ஒலியில் கேட்கலாம். மனிதர்கள் பாடினால் எங்காவது மூச்சு வாங்க வேண்டும். இந்தக் குழு மூச்சே வாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் அதே 'ஆ', அதே அதிர்வு. உயிருள்ளவர்களின் குரல் அல்ல என்பதைக் காது உடனே கண்டுகொள்கிறது; ஆனால் மனிதக் குரல் அல்ல என்று தள்ளிவிடவும் முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பதற்குத் தமிழில் ஆவி என்று ஒரு சொல் இருக்கிறது. பேய்க் கோட்டைக்குப் பொருத்தமான பாடகர் குழுவை, நினைவகத்தில் சிக்கனம் பார்த்த பொறியாளர்கள் தங்களை அறியாமலே உருவாக்கிக் கொடுத்தார்கள்.

அடுத்தது கேசட்டின் இரைச்சல். 1979இல் டாஸ்கம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்ற நான்கு தடப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்த பிறகு, வீட்டு அறையிலேயே ஒருவர் ஒலிகளை அடுக்கிப் பதிவு செய்ய முடிந்தது. நாடாவின் 'உஸ்' என்ற ஓசை உயர்ந்த ஒலிகளின் கூர்மையை மறைக்கும். வேகம் சற்றே தள்ளாடினால் சுருதியும் சேர்ந்து தள்ளாடும். எதையோ நெடுந்தொலைவிலிருந்து கேட்கிறோம் என்ற எண்ணம் அதில் வருகிறது.

சுவர அமைப்பும் எளிதுதான். அடியில் ஒரு நீண்ட ஆதார ஒலி, பெரும்பாலும் ச-ப சேர்க்கை. தம்புரா கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. மேலே வரும் மெட்டுகள் அதிகமும் மேற்கத்திய இயல்பு மைனர் வரிசையில் அமைபவை. அது நம் நடபைரவி மேளத்தின் சுவரங்களே. கமகம் மட்டும் கிடையாது. சுவரங்கள் செதுக்காத கல்போல நேராக வைக்கப்படுகின்றன.

இப்போது ஆர்கெஸ்ட்ராக் கேள்விக்கு வரலாம். ஒரு கற்பனைத் திரைப்படத்துக்கு நூறு பேர் வாசிக்கும் இசையைக் கேட்கும்போது கோட்டை முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டு நம் முன் நிற்கிறது. நாம் அண்ணாந்து பார்க்கிறோம். போலி எக்காளமோ கோட்டையின் கோட்டுப்படத்தை மட்டும் தருகிறது. அதைக் கட்ட வேண்டிய வேலை கேட்பவருடையது. பொம்மலாட்டத்தில் கயிறு தெரிகிறது. இருந்தாலும் குழந்தை பொம்மையைத்தானே பார்க்கிறது? மோர்ட்டிஸே 2020இல் அந்த 1994ஆம் ஆண்டுத் தொகுப்பை விரிவாக்கி 'ஸ்பிரிட் ஆஃப் ரெபெல்லியன்' என்ற பெயரில் மறுபடி வெளியிட்டார். ஒலி பெரிது, தெளிவு அதிகம், திறமையும் கூடியிருக்கிறது. ஆனாலும் என் காதுக்கு அது ஓர் அரங்கம், பழையதுதான் கோட்டை.

பிறப்பிடத்தின் இருட்டு

இந்த இசையை விரும்புகிறவர்கள் தாண்டிச் செல்லக்கூடாத ஒரு விஷயம் உண்டு. புர்சும் என்பது வார்க் விகெர்னஸ் என்ற ஒரே ஆளின் குழு. மேஹெம் குழுவின் கிட்டார் கலைஞரைக் கொன்றதற்காகவும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்காகவும் 1994இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே வந்த பிறகு, இன வெறுப்பைத் தூண்டியதற்காக 2014இல் ஒரு பிரெஞ்சு நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 1994இல் வெளியான 'தொம்ஹெத்' என்ற அவருடைய 14 நிமிட சின்தசைசர் துண்டும், சிறையில் இருந்தபடியே பதிவு செய்து 1997இல் வந்த 'டாவுதி பால்ட்ர்ஸ்' தொகுப்பும் இந்த வகையின் தொடக்கங்களாக எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறுகின்றன.

கடந்த காலத்தின்மீது ஏக்கம் கொள்ளும் எந்தக் கலைக்கும் இந்த ஆபத்து உண்டு. "முன்னொரு காலத்தில் தூய்மையான ஒரு உலகம் இருந்தது, அது எங்களுடையது, பிறர் வந்து கெடுத்தார்கள்" என்று ஏக்கம் சுலபமாகத் திரும்பிவிடும். தூயதொரு பழங்காலத்துக்குத் தாங்களே வாரிசு என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள்.

ஆனால் போலி எக்காளத்தை வைத்து அந்த உரிமையை நிலைநாட்ட முடியாது என்றே நினைக்கிறேன். 'டாவுதி பால்ட்ர்ஸ்' இதற்கு நல்ல சான்று. பால்டர் என்ற நார்ஸ் தெய்வத்தின் மரணத்தைப் பாட வந்த அந்தத் தொகுப்பு, பழைய கணினியிலிருந்து வரும் ஒலிபோலவே கேட்கிறது. முன்னோரின் மாட்சியைச் சொல்ல வந்தவருக்குக் கிடைத்தது ஒரு பொம்மைக் கொம்பு. இது அசல் அல்ல, இப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை என்பதை ஒவ்வொரு சுவரமும் சொல்லிவிடுகிறது. இல்லாத கோட்டைக்கு வாரிசு ஏது?

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. புனைபெயரும் முகமூடியும் புழங்கும் இந்த வட்டாரத்தில் வெறுப்பைப் பரப்புகிறவர்கள் ஒளிந்துகொள்வதும் எளிது. ஒரு தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கும் முன் அதன் பின்னால் இருப்பவர் யார் என்று விசாரிப்பது ரசிகரின் கடமை. புர்சும் தொகுப்புகளை நான் வாங்குவதில்லை; வரலாறு எழுதும்போது மறைப்பதும் இல்லை.

பின்வந்தவர்கள்

நல்ல வேளையாக, கோட்டை யாருக்கும் சொந்தமில்லை என்பதைப் பின்வந்தவர்கள் தங்கள் இசையாலேயே காட்டினார்கள். பிரான்ஸின் எராங் 2012 முதல் 'ஐந்து பருவங்களின் நாடு' என்று தானே ஒரு தேசத்தைக் கற்பனை செய்து, தொகுப்பு தொகுப்பாக அதன் வரைபடத்தை விரித்துவருகிறார். அந்தத் தேசத்தில் குடியேற எந்த வம்சமும் தேவையில்லை. அமெரிக்காவின் ஹோல் டுவெல்லர் 2019இல் வெளியிட்ட 'ஃப்ளைஸ் தி கூப்' தொகுப்பில் பேரரசர்களே கிடையாது. வளைவீட்டை விட்டுப் பயணம் கிளம்பும் ஒரு சிறு ஆளின் குதூகலம் இருக்கிறது. பாட்டி வீட்டு அடுப்படியின் கதகதப்பைத் தேடும் 'கம்ஃபி சிந்த்' என்ற கிளையும், டைனோசர்களைப் பாடும் இன்னொரு கிளையும்கூட முளைத்துவிட்டன.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் இல்லை. தொடங்குவது எளிது என்பதால் குவிவதும் அதிகம். கேசட் இரைச்சலைக் கணினியில் பொத்தானைத் தட்டிச் சேர்த்து, பழைய ஓவியம் ஒன்றை அட்டையில் ஒட்டி, நான்கு சுவரங்களை அரை மணி நேரம் சுற்றவிடும் தொகுப்புகள் ஏராளம். இல்லாமையால் வந்த மலிவு வேறு, பாணியாகப் பூசிக்கொண்ட மலிவு வேறு. மெட்டு நன்றாக இல்லாவிட்டால் எந்த இரைச்சலும் காப்பாற்றாது.

எங்கே தொடங்கலாம்

புதிதாக வருகிறவர்கள் முதலில் 'ஃப்ளைஸ் தி கூப்' கேட்கலாம். அது எளிதில் நட்பாகும். அடுத்து, அமெரிக்காவின் சீக்ரெட் ஸ்டேர்வேஸ் 1997இல் வெளியிட்ட 'என்சான்ட்மென்ட் ஆஃப் தி ரிங்'. இந்த வகையில் துயரத்தை இவ்வளவு மென்மையாகத் தொட்டது வேறு இல்லை. மூன்றாவதாக மோர்ட்டிஸின் 1994ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு வாருங்கள். ஒலியைக் குறைத்து, இரவில், எதையாவது வாசித்துக்கொண்டோ வரைந்துகொண்டோ கேளுங்கள். முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் நிறுத்திவிடாமல் இருந்தால் போதும். மூச்சு வாங்காத அந்தக் குரல்கள் எப்போது நுழைந்தன என்பதே தெரியாமல் உள்ளே நடந்துகொண்டிருப்பீர்கள்.