480 ரூபாய் உபசாரம்

குன்னூரில் ஒரு ஸ்டீக் ஹவுஸ். பெயர் வேண்டாம். வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து அல்ல (கொஞ்சம் பயம்தான்). பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடைதான் மோசம், மற்றதெல்லாம் தேவலை என்று நினைத்துவிடுவீர்கள். நமக்குப் பிரச்னை கடை அல்ல, ரகம். பழைய வெள்ளைக்கார பங்களா, கூரைக்குச் சிவப்பு பெயின்ட், உள்ளே கணப்பு, சுவரில் யாரோ ஒரு துரை குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் போட்டோ. மெனு கார்டு கல்யாணப் பத்திரிகையைவிட கனம்.

ஸ்டீக் தெரியாதவர்களுக்கு: பெரிய துண்டு இறைச்சியை, மசாலா எதுவும் இல்லாமல் உப்பும் மிளகும் மட்டும் தடவி, நன்றாகக் காய்ந்த இரும்பில் இரண்டு பக்கமும் சுட்டுத் தருவது. பெரும்பாலும் மாட்டிறைச்சி. எருமையைக் கும்பிடுகிற, பரம்பரையாகக் கறி தின்னாத தோடர்களின் மலைக்கு இது வெள்ளைக்காரர்களோடு வந்தது. 1819-ல் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்தார். பின்னாலேயே உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், குதிரைப் பந்தயம், ஸ்டீக் எல்லாம் ஏறி வந்துவிட்டன.

போனது மூன்று பேர். நான், மனைவி, என் தாய்மாமா. மாமாவுக்கு அன்று 78 முடிந்தது. 18 வயதில் ஒரு எஸ்டேட் பங்களாவில் மேட்டியாகச் சேர்ந்தவர். மேட்டி என்றால் பட்லருக்கு எடுபிடி. பிறகு அவரே பட்லராகி, 40 வருஷம் துரைமாருக்குப் பரிமாறி ரிட்டயர் ஆனார். எத்தனை ஆயிரம் ஸ்டீக் கொண்டுபோய் வைத்திருப்பாரோ, மேஜையில் உட்கார்ந்து ஒன்றுகூடச் சாப்பிட்டதில்லை. சமையல்கட்டில் ஓரம் வெட்டிய துண்டுகள்தான். "இந்தப் பிறந்த நாளைக்கு அவரை உட்கார வெச்சுப் பரிமாறச் சொல்லணும்" என்றது என் மனைவி. நல்ல ஐடியா. இரண்டு நாள் முன்பே போன் செய்து ஜன்னல் ஓர மேஜை சொல்லிவைத்தேன்.

மாமா வேட்டி, கோட்டு, மஃப்ளர் சகிதம் வந்தார். வாசல் செக்யூரிட்டி வேட்டியை மேலிருந்து கீழ் ஒரு பார்வை பார்த்தார். நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில், கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. பெரிய சர்ச்சையாகி, அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியைக் காரணம் காட்டி உள்ளே விடாவிட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் சட்டம் வாசலோடு சரி. உள்ளே எந்த மேஜை என்பதற்குச் சட்டம் கிடையாது. நாங்கள் சொல்லிவைத்திருந்த ஜன்னல் மேஜையில் 'ரிசர்வ்டு' பலகை. "அது எங்களுக்குத்தானே?" என்றேன். "நோ சார், வேற பார்ட்டி." எங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்த இடம் டாய்லெட் கதவுக்கு நாலடி. நாங்கள் கிளம்பும்வரை அந்த வேற பார்ட்டி வரவேயில்லை.

ஆளைப் பார்த்து மேஜை போடும் பழக்கம் இந்த மலைக்குப் புதுசில்லை. 1882-ல் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினார்களே, அந்த ஊட்டி கிளப் கட்டடம் 1830-களில் சர் வில்லியம் ரம்போல்டு ஹோட்டலாகக் கட்டியது. காசு கொடுத்தால் யாரும் தங்கலாம் என்று ஆரம்பித்த இடம், பிறகு இன்னார்தான் நுழையலாம் என்றானது. இன்றைக்கு அதே ஊரில் ஹோட்டல்கள் கிளப் மாதிரி நடிக்க ஆசைப்படுகின்றன.

சாப்பாட்டுக்கு வருவோம். சர்வர் பையனுக்கு இருபது வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டை, கறுப்பு 'போ' டை, முழிப்பு. தமிழில் கேட்டால் சிரித்தான். இங்கிலீஷில் கேட்டாலும் அதே சிரிப்பு. "ஸ்டீக் எப்படி வேணும்னு கேளுப்பா" என்று மாமாவே எடுத்துக்கொடுத்து, "மீடியம்" என்றார். மீடியம் என்றால் கறியின் நடுவில் சுமார் 60 டிகிரி சூடு. வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

முதலில் மனைவி கேட்ட மீன் வந்தது. அது மட்டும். இருபது நிமிஷம் கழித்து, அவள் முள்ளை ஒதுக்கிவைத்து முடிக்கும்போது எங்கள் ஸ்டீக். மாமா கறியைத் தொடவில்லை. முதலில் தட்டின் விளிம்பைத் தொட்டார். ஜில். வெளியே 14 டிகிரி குளிர். "தட்டைச் சூடு பண்ணாம கறி வைக்கலாமா? ரெண்டு நிமிஷத்துல கொழுப்பு உறைஞ்சுடுமே" என்றார். அவர் காலத்தில் டோவர் அடுப்பின் மேல்தட்டில் தட்டுகளை அடுக்கிவைத்து, துணியால் பிடித்துத்தான் மேஜைக்குக் கொண்டுபோவாராம்.

கறி வெந்து, வறண்டு, பழைய பெல்ட் மாதிரி இருந்தது. இதில் மாட்டைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 1958-ம் வருஷச் சட்டப்படி, பெரும்பாலும் 10 வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்று சான்று வாங்கியதுதான் அறுப்புக்குப் போகிறது. உழைத்து ஓய்ந்த உடம்பு வெண்ணெயாகக் கரையாது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் கசாப்புக் கடையில் 'அண்டர்கட்' கேட்டு வாங்குவார்கள். முதுகெலும்புக்கு அடியில் இருக்கும், அதிகம் வேலை செய்யாத சதை. இவர்கள் மெனுவில் போட்டிருந்ததும் அதைத்தான், 'டெண்டர்லாயின்' என்று. அதையும் பெல்ட் ஆக்குவதற்குத் தனித் திறமை வேண்டும். கூட வந்த உருளைக்கிழங்கு, பாக்கெட்டில் உறையவைத்து வரும் விரல் விரலான சிப்ஸ். ஊட்டியிலிருந்து வரும் வழியில் கேத்தி பள்ளத்தாக்கு முழுக்க உருளையும் கேரட்டும் பார்த்துக்கொண்டுதான் வந்தோம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாமா மெதுவாகப் பாதி சாப்பிட்டார். பல் இல்லாத பக்கத்திலிருந்து பல் இருக்கிற பக்கத்துக்கு மாற்றி மாற்றி மென்றார். தண்ணீர் குடிப்பதற்காகக் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தார். அவர் தொழில் கற்றவர். இரண்டையும் 'ஃ' இல்லாத கூரை மாதிரி விரித்து வைத்தால் 'இன்னும் சாப்பிடுகிறேன்'. சேர்த்து நேராக வைத்தால் 'முடிந்தது'. விரித்துத்தான் வைத்தார். டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். பையன் வந்தான். தட்டை எடுத்தான். போய்விட்டான்.

மாமாவின் கை, தட்டு இருந்த இடத்துக்கு நீண்டு, நின்று, மேஜை விரிப்பைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. 40 வருஷம் அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்ற மனுஷன். முதல் தடவையாக உட்கார்ந்தார். பாதியில் தட்டு போய்விட்டது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மேனேஜரைக் கூப்பிட்டேன். வந்தவர் மாமா பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம், "திஸ் இஸ் அவர் ஸ்டைல் சார்" என்றார். கறி வெந்ததும் ஸ்டைல், தட்டு ஆறியதும் ஸ்டைல். ஒரு 'சாரி'? அது மெனுவிலேயே இல்லை.

பில் மட்டும் சூடாக வந்தது. சாப்பாடு 4,800. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 480. இரண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி., 264. மொத்தம் 5,544. கவனியுங்கள், செய்யாத உபசாரத்துக்கு 480 ரூபாய், அதற்கு வரி வேறு!

இங்கே வாசகர்களுக்கு உபயோகமான ஒரு தகவல். ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போவது, கொடுத்தே ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் அப்படியல்ல. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ம் தேதி நீதிபதி பிரதிபா சிங், ஆணையம் சொன்னதே சரி, கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை வேறு விதித்தார். சங்கங்கள் மேல்முறையீடும் போயின. நீங்களாக மனசு வந்து டிப்ஸ் கொடுத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் 1915-க்கு போன் செய்யலாம்.

"கம்பெனி பாலிசி சார்" என்ற மேனேஜரிடம் இதைச் சொன்னேன். பத்து நிமிஷம் உள்ளே போய்விட்டு, வேறு பில்லோடு வந்தார். 5,040. முகத்தில் மட்டும் சர்வீஸ் சார்ஜ் பாக்கி இருந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் விஷயம் நடந்தது. மாமா பையனைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரத் துரைகள் போய்ப் பஞ்சாபித் துரைகள் வந்த காலத்தில் கற்றுக்கொண்ட இந்தி அவருக்கு. ஊர் ஜார்க்கண்ட். வந்து 12 நாள். சீசனுக்கு மட்டும் வேலை. கத்தியைக் கீழே வைத்தால் உடனே தட்டை எடு, டேபிள் காலியாகணும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவனுக்குச் சாப்பாடு பின்கட்டில் சோறும் பருப்பும். ஸ்டீக்கை வாயில் வைத்ததில்லை. சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று வசூலாவதே தெரியாது.

மாமா பக்கத்து மேஜையிலிருந்து கத்தியும் முள்கரண்டியும் எடுத்தார். விரித்து வைத்துக் காட்டினார். சேர்த்து வைத்துக் காட்டினார். பையனை வைக்கச் சொன்னார். வைத்தான். சரியாக வைத்தான். "அவ்வளவுதான்" என்றார் மாமா. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

என் புகார் மொத்தமும் அந்த அரை நிமிஷம்தான். சாண்ட்லியருக்குச் செலவு பண்ணியிருக்கிறார்கள், கணப்புக்குச் செலவு பண்ணியிருக்கிறார்கள், குதிரைமேல் துரைக்குத் தங்க ஃபிரேம் போட்டிருக்கிறார்கள். மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிற பையனுக்கு மட்டும் அரை நிமிஷம் செலவு பண்ண மனசு வரவில்லை. தான் வாங்காத சரக்கை நமக்கு 10 சதவீதத்துக்கு விற்கிறார் முதலாளி. திட்டு வாங்குவது மட்டும் பையன். நானும் அவனைத்தான் முதலில் முறைத்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

பில்லில் எடுத்த 480-ஐ, 500 ஆக்கிப் பையனிடம் கொடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டேன். மாமா என் கையைப் பிடித்தார். "மேனேஜர் பார்க்கற இடத்துல குடுக்காதே மாப்ளே, பிடுங்கிடுவான். வெளியில கார் கதவைத் திறந்துவிட வருவான் பாரு, அப்பக் குடு." வந்தான். கொடுத்தேன்.

காரில் மாமாவிடம் மார்க் போடச் சொன்னேன்.

"கறிக்கு நூத்துக்கு 30. உருளைக்கிழங்குக்கு முட்டை. மேனேஜருக்கு மார்க் போட மாட்டேன், அவர் பரீட்சையே எழுதலை."

"பையனுக்கு மாமா?"

"அவனுக்கு இன்னும் கிளாஸே எடுக்கலையே" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "பஸ் ஸ்டாண்டுகிட்ட நிறுத்து. ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிடலாம். பசிக்குது."